கண்ணும் செவியும்: மூன்றடிக் கவிதைக்குத் தமிழ் வாசகர் சொல்லும் கருத்து

கேள்வி

மூன்று அடி, 17 எழுத்து, அதற்குள் ஓர் இயற்கைக் காட்சி. ஹைக்கூ என்று நாம் அறியும் இத்தகைய கவிதையை ஒருவர் வாசித்து முடித்ததும் கேட்டவர்கள் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கவியரங்குகளிலும் சிற்றிதழ்ப் பக்கங்களிலும் அந்தக் கருத்து பெரும்பாலும் மூன்று தடங்களில் போகிறது. ஒன்று, எண்ணிக்கை: 5, 7, 5 சரியாக வந்திருக்கிறதா? இரண்டு, திருப்பம்: மூன்றாம் அடி எதிர்பாராத அடியாக விழுந்ததா? மூன்று, செய்தி: கவிதை சமூகத்துக்கு ஏதேனும் சொல்கிறதா? இந்த மூன்று கேள்விகளும் எழுதியவருக்கு எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றுமே கவிதையின் ஓரத்தில் நின்று பேசுபவை. நடுவில் இருப்பது வேறு கேள்வி: எழுதியவர் எதைக் கண்டார், அந்தக் காட்சி வாசிப்பவருக்கும் தெரிகிறதா? இதைக் கேட்பதற்கான கருவிகளை ஜப்பானிலிருந்து மட்டுமே வாங்க வேண்டியதில்லை. ஒன்று மதுரைச் சங்கத்தின் கதையிலேயே இருக்கிறது. மற்றொன்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. அந்த இயலுக்குப் புத்துரை எழுதியவர் மதுரையை ஒட்டிய பசுமலையில் வாழ்ந்தவர்.

வந்த வழி

ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழருக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் பாரதி. புதுச்சேரியில் இருந்த காலத்தில், 1916இல் சுதேசமித்திரனில் அவர் எழுதிய கட்டுரையில் அதன் பழைய பெயரான ஹொக்கு வருகிறது. கல்கத்தாவின் மாடர்ன் ரெவ்யூ இதழில் யோநே நோகுச்சி எழுதியதே அவருக்குத் தூண்டுதல். அதன்பின் நீண்ட இடைவெளி. மதுரையில் பிறந்து தியாகராசர் கல்லூரியில் படித்த அப்துல் ரகுமான் 1974இல் வெளியிட்ட 'பால்வீதி'யில் இந்த வடிவத்தை முயன்றார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்க'ளும் அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'யும் முழுத் தொகுப்புகளாக வந்தன. அடுத்து ஈரோடு தமிழன்பன் தொகுப்புகள் வந்தன. சுஜாதா ஓர் அறிமுக நூலே எழுதினார். துளிப்பா என்ற தமிழ்ப் பெயரும் வழக்குக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளில் தமிழில் வெளிவந்த ஹைக்கூத் தொகுப்புகள் ஏராளம். அவற்றை மதிப்பிடும் பேச்சு மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை.

எதை எண்ணுகிறோம்?

எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். கருத்துச் சொல்பவர் மிக எளிதாகப் பிடிக்கும் இடம் அதுதான். இந்தக் கட்டுரைக்காக நானே எழுதிய ஒரு மாதிரி இது. இதன் கவித்துவத்தைப் பின்னர் பார்ப்போம். இப்போது எண்ணுவதற்கு மட்டும்:

வற்றிய கண்மாய்
கொக்கு நின்ற இடத்தில்
பிள்ளைகள் பந்து

புள்ளியெழுத்துகளை நீக்கி எண்ணினால் 5, 7, 5; மொத்தம் 17. புள்ளியெழுத்துகளையும் சேர்த்தால் 8, 11, 8, மொத்தம் 27. அலகிட்டு அசை பிரித்தால் 4, 6, 4, மொத்தம் 14. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை, சொல்லிடை ஐகாரக் குறுக்கத்துக்கு 1 என்று மாத்திரை கணக்கிட்டால் ஏழரை, எட்டரை, ஆறு, மொத்தம் 22. ஒரே கவிதைக்கு நான்கு தொகை. இவற்றுள் எது ஜப்பானிய 17க்கு இணை?

ஜப்பானியர் எண்ணுவது ஒலியலகு. நெடிலை அவர்கள் இரண்டாக எண்ணுவர். சொல்லில் தனித்து நிற்கும் 'ன்' ஒலிக்கு ஓர் அலகு, இரட்டிக்கும் மெய்யின் முற்பாதிக்கும் ஓர் அலகு. ஆகவே அவர்கள் கணக்கு நம் மாத்திரைக்கு நெருங்கியது. எழுத்தெண்ணிக்கைக்கு அவ்வளவு நெருக்கமில்லை. தமிழில் '17 அசை' என்று எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. யாப்பில் நிரையசை இரண்டு உயிர்களை உள்ளடக்கியது. 17 அசையும் நிரையாக வந்தால் 34 உயிர்கள் ஆகிவிடும். வெளிநாட்டு விதியை இறுகப் பற்றுவதாக நினைப்பவர் உண்மையில் வேறொரு விதியைப் பற்றியிருக்கிறார். மூன்றடியாக மடக்கி எழுதுவதும் மொழிபெயர்ப்புகள் வழியே வந்த பழக்கம். ஜப்பானில் பெரும்பாலும் ஒரே நேர்வரியாகவே எழுதுவர். எண்ணிக்கையை ஜப்பானியப் பெருங்கவிஞர் பாஷோவே (1644–1694) மீறியிருக்கிறார். இலையுதிர்ந்த கிளையில் காகம் அமர்ந்த அவருடைய புகழ்பெற்ற கவிதையின் நடுப்பகுதியில் 7க்குப் பதில் 9 அலகுகள் உள்ளன.

எழுத்தெண்ணிப் பாடுவது நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. ஒற்று கணக்கில் வராது. தொல்காப்பியச் செய்யுளியலும் அடிகளை எழுத்தளவால் வகுக்கிறது: 4 முதல் 6 வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி. இதன்படி 5, 7, 5 என்பது குறளடி, சிந்தடி, குறளடி ஆகிறது. ஆனால் தொல்காப்பியர் கணக்கு நாற்சீர் அடிக்கு உரியது என்பதால் இந்தப் பொருத்தத்தின் மேல் அதிக பாரம் ஏற்ற முடியாது. பிற்கால யாப்பருங்கலம் சீர் எண்ணிக்கையால் வகுக்கும் முறைதான் நமக்கு உதவுகிறது: இருசீர் குறளடி, முச்சீர் சிந்தடி. மேலே உள்ள மாதிரியைச் சீர் பிரித்தால் 2, 3, 2. மொத்தம் 7 சீர். குறள் வெண்பாவும் 4, 3 என்று 7 சீர்தான். தமிழ்ச் செவி ஒரு மூச்சில் ஏற்றுக் கொள்ளும் குறும்பாவின் அளவு ஏழு சீராக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆகவே அளவு கட்டாயம் வேண்டும் என்று கருதுபவர் சீரை எண்ணட்டும். அப்போதுகூட அந்த எண் கவிதையின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. செவிக்கு இடறுகிறதா என்பதை மட்டுமே சொல்லும்.

மூன்றாம் அடிக்குக் கைத்தட்டல்

இரண்டாவது தடம் திருப்பம். மேடைக்கு முன் அமர்ந்திருப்பவர் பாராட்டைக் கைத்தட்டலாகத்தான் தெரிவிக்க முடியும். கைத்தட்ட ஒரு முடிச்சு அவிழ வேண்டும். மூன்றடிக் கவிதையில் அதற்கு இடம் கடைசி அடி மட்டுமே. முதல் இரண்டு அடிகள் ஏணியாகி, மூன்றாம் அடி வெடியாவது இவ்வாறுதான். பட்டிமன்றமும் கவியரங்கும் செழித்த மதுரை போன்ற ஊரில் இந்தப் பழக்கம் வலுவாக இருப்பதில் வியப்பில்லை. சமூகச் சாடலும் இதே அமைப்பில் எளிதாகப் பொருந்துகிறது. விடுதலை, வறுமை, சாதி ஆகியவற்றைப் பற்றிய கூரிய மூன்றடிகள் நம்மிடம் பல உண்டு. அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. மனித வாழ்வை நோக்கிய அங்கதக் குறும்பாவை ஜப்பானியர் சென்ரியு என்று தனியே பிரித்தனர்; தமிழன்பன் தமிழிலும் அந்தப் பெயரில் எழுதிக் காட்டினார். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அங்கதத்துக்கான அளவுகோலை இயற்கைக் கவிதையின் மீது வைக்கும்போது. அமைதியாக ஒன்றைக் காட்டிவிட்டு நிற்கும் கவிதை அந்த அளவுகோலில் 'ஒன்றுமில்லாதது' ஆகிவிடுகிறது. அடுத்த முறை அந்தக் கவிஞர் தாமாகவே ஒரு வெடியைச் சேர்த்துக் கொள்கிறார்.

நக்கீரர் எழுப்பிய தடை

குறும் இயற்கைக் கவிதைக்குக் கிடைத்த வாசகர் கருத்து என்று தேடினால் தமிழில் மிகப் புகழ்பெற்ற நிகழ்வு மதுரையில்தான் இருக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஐந்தடி உடையது, இறையனார் பாடியது. தேன் தேடி அலையும் தும்பியை அழைத்துத் தலைவன் ஒன்று கேட்கிறான். எனக்குப் பிடித்தமானதைச் சொல்லாதே, நீ பார்த்ததைச் சொல் என்பது அவன் விதிக்கும் நிபந்தனை. அவள் கூந்தலைவிட மணமுள்ள பூ உன் அறிவுக்கு எட்டியதுண்டா என்பது கேள்வி.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் திருவிளையாடற் புராணம் இப்பாட்டைச் சுற்றி ஒரு சபையை அமைத்தது. பாண்டியனின் ஐயம், சங்க மண்டபத்தில் தொங்கும் பொற்கிழி, வறிய தருமி, இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டு, நக்கீரரின் மறுப்பு, பொற்றாமரைக் குளம் எல்லாம் 1965இல் வந்த திரைப்படத்தின் வழியே தமிழர் வீடுதோறும் அறிந்தவை. நக்கீரர் கண்ட குற்றம் சொற்குற்றமோ யாப்புக் குற்றமோ இல்லை, பொருட்குற்றம். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பது அவர் வினா.

இந்தக் கதையை வாய்ச்சொல் வீரத்தின் கதையாக மட்டும் படிப்பது அதன் ஆய்வுப் பயனை இழப்பதாகும். இரண்டு விஷயங்கள் இதில் இருக்கின்றன. முதலாவது, இயற்கையைப் பற்றிய கூற்றை இயற்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு. வேம்பு ஐப்பசியில் பூத்துச் சொரிவதாக ஒரு மூன்றடி சொன்னால், பங்குனி சித்திரையில் பூப்பதை ஆண்டுதோறும் பார்க்கும் மதுரைக்காரர் மறுத்தே ஆக வேண்டும். மரபுக்காக மறுக்கவில்லை, எழுதியவர் மரத்தைப் பார்க்காமல் எழுதினார் என்பதற்காக மறுக்கிறார். இரண்டாவது, அந்த ஒப்பீட்டைப் பாட்டின் சூழலுக்கு வெளியே வைத்துச் செய்யக் கூடாது. அங்கே பேசுபவன் காதலன், கேட்பவள் அருகில் இருக்கிறாள், திணை குறிஞ்சி. அவன் கூற்றைத் தாவரநூல் கூற்றாக எடுத்ததில் நக்கீரர் தவறினார் என்பது என் கருத்து. அப்பாட்டே தன் வாசகருக்கு அளவுகோல் கொடுத்திருப்பதை அவர் கவனித்திருக்கலாம். தும்பியிடம் தலைவன் கேட்டது பார்த்தவரின் சாட்சியத்தை. நல்ல கருத்துரையும் அப்படிப்பட்ட சாட்சியம்தான்: எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதற்கு முன்னால், இக்கவிதையில் எனக்கு என்ன தெரிந்தது என்று சொல்வது.

ஏரிக்கரையில் இன்னொரு தடை

ஜப்பானிலும் இதற்கு ஈடான ஒரு விவாதம் பதிவாகியிருக்கிறது. பாஷோவின் மாணவர் முகாய் கியோராய் எழுதிவைத்த குறிப்புகளில் அது வருகிறது. கழிந்துபோகும் வசந்தத்தை எண்ணி ஓமி நாட்டு மக்களோடு சேர்ந்து வருந்தியதாக பாஷோ ஒரு கவிதை செய்தார். பிவா ஏரி இருக்கும் நாடு ஓமி. ஷோஹாகு என்ற கவிஞர் குறை சொன்னார்: ஓமிக்குப் பதில் தன்பா நாட்டைப் போடலாம், வசந்தத்துக்குப் பதில் ஆண்டிறுதியைப் போடலாம், கவிதை அப்படியே நிற்கும். பாஷோ இதைக் கியோராயிடம் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். ஏரியின் மேல் மங்கல் படரும் வசந்தத்தில் அங்கே நின்றவருக்குத்தான் அந்த வருத்தம் வரும், ஆகவே எந்தச் சொல்லும் பெயராது என்றார் கியோராய். பாஷோ மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்.

ஷோஹாகுவின் முடிவு தவறாக இருக்கலாம். அவர் கேட்ட கேள்வி மிகக் கூர்மையானது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே இனத்து மற்றொன்றைப் போட்டால் கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தச் சொல் அங்கே வேரூன்றவில்லை. கைத்தட்டலைவிட இந்தச் சோதனை பன்மடங்கு பயன் தரும். எழுதியவர் வீட்டுக்குத் திரும்பிச் செய்யக்கூடிய வேலை ஒன்றை அது கையில் கொடுக்கிறது.

பெயரை மறைத்தால்

1946இல் குவபாரா தகேஓ என்ற அறிஞர் ஜப்பானியர் மனத்தைப் புண்படுத்திய ஒரு கட்டுரை எழுதினார். பெரும் கவிஞர்களின் ஹைக்கூக்களையும் பெயர் அறியாதவர்களின் ஹைக்கூக்களையும் கலந்து, பெயர்களை நீக்கிப் படித்தவர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஹைக்கூ இரண்டாந்தரக் கலை என்று முடித்தார். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் கருத்துகளை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட நூலே குவபாராவுக்கு முன்மாதிரி. ரிச்சர்ட்ஸ் கண்டது வேறு: வாசிப்பில் உள்ள குறைகள். அதே விளைவைக் குவபாரா கவிதையின் குறையாகக் கொண்டார். எனக்கு ரிச்சர்ட்ஸின் முடிவே நியாயமாகப் படுகிறது. பதினேழு அலகில் இருப்பதைக் காணப் பழகாத கண்ணுக்குப் பெயர் ஒரு கைத்தடியாகிறது. தடியைப் பிடுங்கியதும் தடுமாறுகிறது.

இந்த இடத்தில் மதுரைக் கதை குவபாராவுக்கு ஒரு படி மேலே நிற்கிறது. எழுதியவர் யார் என்று தெரிந்த பின்னும், நெற்றிக்கண் திறந்த பின்னும் நக்கீரர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பெயரை மறைத்துப் படிக்கவில்லை. பெயர் தெரிந்தும் பெயரைப் பொருட்படுத்தவில்லை. தலைமை வகிப்பவரின் கவிதைக்கும் முதன்முறை எழுதும் மாணவியின் கவிதைக்கும் ஒரே கேள்வியைக் கேட்கும் துணிவு நம் கூட்டங்களில் அரிதாகவே தென்படுகிறது.

பசுமலைப் புத்துரை

நாவலர் சோமசுந்தர பாரதியார் (1879–1959) எட்டயபுரத்தில் பிறந்தவர், பாரதியின் இளமைத் தோழர், வழக்கறிஞர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ள பசுமலையில் வாழ்ந்து மறைந்தவர். அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் ஆகியவற்றுக்கு அவர் எழுதிய புத்துரை, பழைய உரையாசிரியர்கள் மேல் கொண்ட மதிப்பால் மட்டும் அவர்கள் சொன்னதை ஏற்காத உரை. தோழர்களில் ஒருவர் ஹொக்குவைத் தமிழுக்குச் சொன்னார். மற்றவர் அதைப் படிக்கத் தேவையான பழைய நூலைப் புதிதாகத் திறந்து வைத்தார். இருவரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் நாம் இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தடையில்லை.

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அந்த இயலின் கடைசி நூற்பா வாசகரைப் பற்றியது. கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரும் உணர்வு உடையவர்க்கன்றி மற்றவர்க்கு இந்தப் பொருளை அளந்தறிவது அரிது என்பது அதன் கருத்து. செவிக்கு முன் கண் வைக்கப்பட்டிருக்கிறது. படிப்பை, புலமையை, நூலறிவைத் தொல்காப்பியர் தகுதியாகச் சொல்லவில்லை. உறுதியாகப் புலன் வழி உணர்வதைச் சொல்கிறார். குறும் இயற்கைக் கவிதையின் வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் நான் எங்கும் கண்டதில்லை.

இதோடு திணை மரபையும் சேர்க்க வேண்டும். மரபான ஹைக்கூவில் பருவச்சொல் இன்றியமையாதது என்று ஜப்பானியர் கருதுவர். பருவச்சொற்களுக்கு அகராதிகளே வைத்திருக்கிறார்கள். நமக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளும், வைகறை முதலான சிறுபொழுதுகளும் முதற்பொருளாக இருக்கின்றன. பறவை, மரம், நீர், தொழில் ஆகியவை கருப்பொருள். இவற்றின் சேர்க்கையில் சொல்லாமல் நிற்பது உரிப்பொருள். இறைச்சி என்று தொல்காப்பியர் சொல்வது, சொல்லப்பட்ட பொருளுக்குப் புறத்தே பிறக்கும் பொருளை. சொல்லாதது எங்கே பிறக்கிறது என்று கேட்கத் தெரிந்த மரபு, கடைசி அடி வெடித்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது வருத்தமானது.

மாதிரிக்கு வரும் கருத்துகள்

இப்போது மேலே வைத்த மாதிரியை இந்தக் கேள்விகளின் முன் நிறுத்துவோம். எண்ணிக்கை பார்ப்பவருக்கு இதில் குறை இல்லை. திருப்பம் தேடுபவர், பந்தில் ஏமாற்றம் அடைவார். செய்தி தேடுபவர், நீர்நிலைகளின் அழிவைச் சொல்கிறது என்று பாராட்டக்கூடும். அது கவிதையில் இல்லாத பாராட்டு. மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, கோடையில் வற்றுபவை. மாடக்குளம் போன்ற பெரிய கண்மாய்க்கும் அந்தச் சுழற்சி உண்டு. வற்றியதெல்லாம் அழிந்தது ஆகாது.

நக்கீரர் வழியில் கேட்டால்: கொக்கு நின்ற இடத்தில் பந்து விளையாட முடியுமா? கண்மாயின் ஆழப் பகுதி கரையை ஒட்டி இருக்கும். அங்கே களிமண் வெடித்து, பந்து சீராக எழாது. கொக்கு இரை தேடுவது முழங்கால் நீர்கூட இல்லாத மேட்டுப் பக்கத்தில். முதலில் காய்ந்து சமதரையாவதும் அந்தப் பக்கம்தான். ஆகவே கூற்று மெய்.

ஷோஹாகு வழியில் கேட்டால்: கொக்குக்குப் பதில் எருமை நிற்கலாமா? எருமை ஆழ நீரில் கிடக்கும், இடம் பொய்யாகிவிடும். நாரை பொருந்தும். ஆகவே கொக்கு இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. கொக்கின் அசையா நிலைக்கும் பந்தின் ஓட்டத்துக்கும் உள்ள எதிர்மை நாரைக்கும் உண்டு என்பதால் இந்தக் குறையை நான் மறுக்க மாட்டேன். 'வற்றிய' என்பதற்கு இன்னும் கடுமையான தடை உண்டு. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள் என்றாலே நீர் இல்லை என்று தெரிகிறது. முதல் சொல்லே அதைச் சொல்லிவிட்டதால் வாசகருக்குக் காண ஒன்றும் மிச்சமில்லை. அதை எடுத்துவிட்டுப் பெரும்பொழுதை வைக்கலாம்:

சித்திரைக் கண்மாய்
கொக்கு நின்ற இடத்தில்
பிள்ளைகள் பந்து

எண்ணிக்கை மாறவில்லை, அதே 5, 7, 5, அதே ஏழு சீர். மாறியது காட்சி. முந்தையதில் இழப்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. இப்போது இளவேனிலும் பள்ளி விடுமுறையும் உள்ளே வருகின்றன. நீர் இல்லை என்பதை வாசகர் மூன்றாம் அடியில் தாமே கண்டுகொள்கிறார். மெய்ப்பாடு எது என்று கேட்டால் அழுகைக்கும் உவகைக்கும் நடுவே நிற்கிறது. 5, 7, 5ஐ மட்டும் எண்ணும் வாசகரால் இவ்விரு வடிவங்களுக்கும் இடையே எந்த வேறுபாட்டையும் சொல்ல முடியாது.

'பிள்ளைகள்' என்ற சொல்லும் வேண்டாம், 'பந்து' மட்டும் போதும் என்று ஒருவர் சொல்லலாம். எண்ணிக்கை உடையும், ஆனால் நான் அதை மறுப்பது அந்தக் காரணத்துக்காக அல்ல. தனியே நிற்கும் பந்து மீண்டும் மேடைத் திருப்பமாகிவிடும். கண்மாய்க்குள் கேட்கும் கூச்சலும் போய்விடும். செவிக்குரியது இந்தக் கவிதையில் அது ஒன்றுதான்.